தாத்தா முகத்தை யார் மாற்றியது? பழைய படங்கள் பற்றி வாசகர் கேள்வி - பதில்

ஸ்டூடியோவில் பல வருடங்கள் நெகட்டிவ் டச்சிங், அதாவது நெகட்டிவில் கையால் திருத்தும் வேலை, செய்தவர் எங்கள் பத்தியாளர். பிறகு அதே வேலையைக் கம்ப்யூட்டரில் தொடர்ந்தார். குடும்பப் படங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறார்.

ஐயா, என் பாட்டியின் கல்யாணப் படம் ஃபிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மூலையை லேசாக இழுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் படம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கினால் வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு மூலையோடு நிறுத்தினீர்களே, பாட்டி தப்பித்தார்.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் காகிதத்தில் இல்லை. காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்துக்குள் வெள்ளித் துகள்களாக இருக்கிறது. ஈரம் பட்டால் ஜெலட்டின் இளகும், காய்ந்தால் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை ஒட்டிப் படத்தை வைத்து ஃபிரேம் போட்டால், வியர்க்கும் கண்ணாடி வருஷக்கணக்கில் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சூடு காட்டினால் படலம் வெடிக்கும், சுருளும். தண்ணீரில் ஊறவைப்பதும் ஆபத்துதான். படத்தில் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அந்த வண்ணமும் கரைந்து போகும்.

முதலில் பிரதி எடுங்கள். ஃபிரேமின் பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியும் படமும் ஒன்றாகவே இருக்க, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து ஸ்கேனரில் வையுங்கள். மலிவான ஒல்லி ஸ்கேனர்களுக்கு, தன் மேல் ஒட்டிக் கிடப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும், நடுவில் ஒரு கண்ணாடி வந்தால் படம் மங்கிவிடும். அப்படி ஆனால் கேமராதான் வழி. ஃபிளாஷை அணையுங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரி கோணத்தில் விளக்கு வையுங்கள். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சட்டை பாட்டியின் மேல் பிரதிபலிக்கும்.

பிரதி வந்த பிறகு அசலைக் கண்ணாடியோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள். பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அது புகைப்படப் பாதுகாப்பு படித்தவர்களின் வேலை. சுவரில் மாட்டப் பிரதி போதும். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பழைய படங்களை லாமினேட் செய்தால் காலத்துக்கும் அழியாதாமே?

அதற்கு வேண்டிய சூடும் பசையும் படத்துக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை. பிரதியை லாமினேட் செய்யுங்கள், குழந்தைகள் விளையாடட்டும்.

என் தாத்தாவின் படம் மங்கலாக இருந்தது. போனில் ஒரு ஏஐ செயலியில் போட்டேன். கண், மூக்கு எல்லாம் நேற்று எடுத்த மாதிரி பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் அத்தை பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இது எங்க அப்பா இல்லையே” என்கிறார். என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இல்லை. செயலி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அத்தை சொல்வதும் சரிதான்.

மங்கலான படத்தில் கண்ணிமையின் கோடு பதிவே ஆகவில்லை என்று வையுங்கள். இல்லாத ஒன்றைத் தெளிவாக்க முடியாது, புதிதாக வரையத்தான் முடியும். செயலி வரைகிறது. எதைப் பார்த்து? தான் பயிற்சி பெற்ற முகங்களைப் பார்த்து. 2021-இல் வந்த ஜிஎஃப்பி-கேன் என்ற முகச் சீரமைப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழகியது, ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பில். அத்தனை முகங்களின் சாயலும் கலந்துதான் உங்கள் தாத்தாவின் கண் உருவாகியிருக்கிறது. தெரியாதவர்களுக்கு அது கண். அத்தைக்கு அது வேறு யாரோ.

இதில் எனக்குக் கோபம் கொள்ள உரிமை கொஞ்சம் குறைவு. நாங்களும் செய்ததுதானே? நெகட்டிவில் சுருக்கம் விழுந்த இடத்தில் கூர்ப்பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால், பிரிண்டில் அந்தச் சுருக்கம் வெளுத்து மறையும். கருமை வேண்டும் என்றால் கத்தி முனையால் சுரண்டுவோம். உங்கள் தாத்தா ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் என்றால், அவருடைய நெற்றிக்கோடுகள் ஏற்கெனவே ஒருமுறை காணாமல் போயிருக்கலாம். ஒரே வித்தியாசம், ஆளை எதிரில் உட்காரவைத்துப் பார்த்தவர் இருந்த கடையில் அந்த வேலை நடந்தது.

அதற்காகச் செயலியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கீறல், தூசி, மடிப்புக்கோடு, கறை, பின்னால் இருக்கும் சுவர், தரை, இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முகம் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். ஃபோட்டோஷாப்போ, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்போ, எதுவானாலும் சரி. லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் தாள் மாதிரி. அசல் ஸ்கேனைக் கீழ் லேயரிலும் செயலி கொடுத்த படத்தை மேல் லேயரிலும் வைத்து, முகத்தின் மேல் மட்டும் மேல் லேயரின் அழுத்தத்தை (‘ஒபாசிட்டி’) குறைத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் அத்தையை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். “ஆங், இதுதான்” என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கோப்பின் பெயரிலேயே ‘அசல்’, ‘சுத்தம்’, ‘ஏஐ’ என்று பிரித்து எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஏஐ படம் மட்டும்தான். பளிச்சென்று இருப்பதைத்தான் எல்லோரும் பகிர்வார்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். பூட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் போட்டேன். கறுப்பு உடை என்று நினைத்து அப்படியே விட்டேன். பாட்டி அது சிவப்பு என்கிறார். கறுப்பாகத் தெரியும் ஒன்று எப்படிச் சிவப்பாக இருக்கும்?

நல்ல கேள்வி. அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். நீலத்தையும் பச்சையையும் மட்டும் பார்க்கும். சிவப்பு உடையும் உதடும் கறுத்து விழும், நீல வானம் வெள்ளையாகிவிடும். கோடாக் நிறுவனத்தின் வெரிகுரோம் என்ற பிரபலமான ரோல் ஃபிலிம் 1956 வரை இந்த வகைதான். அதனால் பல வீட்டுப் படங்களில் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

செயலி சாம்பல் நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து ஊகிக்கிறது, பாட்டி கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். செயலி போட்ட வண்ணத்தை அழித்துவிட்டு, பாட்டி சொல்லும் நிறத்தை நீங்களே தனி லேயரில், நிழலும் வெளிச்சமும் அப்படியே இருக்க நிறத்தை மட்டும் சேர்க்கும் ‘கலர்’ என்ற பிளெண்ட் முறையில் தீட்டுங்கள். எந்த நிறம் யார் சொல்லி வந்தது, எது உங்கள் ஊகம் என்பதை ஒரு வரி எழுதிவையுங்கள். பாட்டிக்கு நினைவில்லாத இடங்களைச் சாம்பலாகவே விட்டுப் பாருங்கள். உடை மட்டும் சிவப்பாக, மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையாக இருக்கும் படத்தைப் பார்க்கிறவர் எவரும் கேள்வி கேட்காமல் போகமாட்டார்.

என் சின்ன வயதுக் கலர் படங்கள் எல்லாம் செம்மண் நிறமாகிவிட்டன. ஆல்பத்துக்குள்தான் இருந்தன, வெயிலே படவில்லை. சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். கலர் பிரிண்டில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள். பழைய கலர் காகிதங்களில் சயான் சாயம் இருட்டிலேயே மெதுவாகச் சிதைந்துவிடும். சிவப்பை அடக்கிவைத்திருந்தது அதுதான். அது போனதும் படம் முழுக்கச் சிவப்பு.

ஸ்கேனர் மென்பொருளில் ‘கலர் ரெஸ்டொரேஷன்’ என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிட்டு, ஒரு நிறத்துக்கு 16 பிட் ஆழத்தில், டிஃப் (TIFF) கோப்பாக முதல் ஸ்கேனை எடுங்கள். அதன் பிறகு கிம்ப்பில் ‘லெவல்ஸ்’ திறந்து, சிவப்புச் சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் மேடு முழுவதும் வலது பக்கம் ஒதுங்கி நிற்கும். இடது முனையில் இருக்கும் கறுப்பு முக்கோணத்தை, மேடு தொடங்கும் இடம் வரை நகர்த்துங்கள். பச்சை, நீலம் இரண்டிலும் முனைகளை அதேபோல் சேர்த்துவிடுங்கள். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலையில் இலை பச்சையாகிவிடும். முழுக்க வெளுத்துப்போன இடத்தில் மட்டும் எதுவும் வராது.

ஆல்பம் என்றீர்களே, பக்கத்தில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய வகையா? அப்படியானால் படங்களை மெல்ல வெளியே எடுங்கள். அந்தப் பசைதான் பின்பக்கத்தைப் பழுப்பாக்குகிறது. படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை விட்டு, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலானவை வந்துவிடும். அடம்பிடிக்கும் படத்தைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விடுங்கள்.

பழைய படம் ஒன்றின் மேல் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். ஸ்கேன் செய்தால் படத்தைவிடக் குழிதான் தெரிகிறது.

ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருவதால், ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழுகிறது. படத்தை ஒருமுறை நேராகவும், ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் நேராக்கி, முதலாவதின் மேல் பொருத்தி, பாதி அழுத்தத்தில் வையுங்கள். எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பொருத்தத்தான் பொறுமை வேண்டும்.

எத்தனை டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளியில், ஸ்கேன் செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சாதாரண பிரிண்டுக்கு 600 போதும். இரண்டு அங்குலப் படம் 1200 பிக்சலாகும், அதை 300 கணக்கில் நாலு அங்குலத்துக்குத் தரமாக அச்சிடலாம். தபால்தலை அளவுப் படம் என்றால் 1200 வையுங்கள்.

அப்பாவின் அலமாரியில் ஒரு டப்பா நிறைய நெகட்டிவ். திறந்தால் வினிகர் நெடி அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

கெட்டுக்கொண்டிருக்கிறது, உடனே கவனியுங்கள். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வரும், அந்த நெடிதான் அது. டப்பாவை மூடிவைத்தால் ஆவி உள்ளேயே சுற்றி மற்ற நெகட்டிவ்களையும் கெடுக்கும். நாறுபவற்றைத் தனியாகப் பிரித்து, காகித உறையில் போட்டு, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஃபிலிம் சுருங்கிப் படலம் நெளியத் தொடங்கும் முன்னால் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

நெகட்டிவ் ஸ்கேனர் இல்லையா? டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதற்கு ஓர் அங்குலம் மேலே நெகட்டிவைப் பிடித்து நிறுத்துங்கள். ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். சுற்றிலும் கறுப்புக் காகிதம் மறையுங்கள். பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். போனில் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும். பெரிய பிரிண்டுக்கு இது போதாது. யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க நன்றாகவே போதும்.

ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இல்லாத, 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் என்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும். வெப்பம், சுடர் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பம் நனைந்துவிட்டது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன.

காயவிடாதீர்கள், அதுதான் முக்கியம். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்லப் பிரியுங்கள். படம் உள்ள பக்கத்தில் விரல் வைக்காதீர்கள். முகம் மேலே பார்க்க, நிழலில் உலர விடுங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், மெழுகுத்தாள் இடையில் வைத்து உறையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேலை பார்க்கலாம்.

வீட்டில் ஒரு பெட்டி நிறையப் படங்கள். பாதிப் பேர் யாரென்று தெரியவில்லை. பாட்டியிடம் காட்டி “இது யார்?” என்று கேட்டால் சலித்துக்கொள்கிறார். சீரமைக்கும் வேலையை முதலில் தொடங்குவதா, பெயர் கண்டுபிடிப்பதா?

பெயர்தான், சந்தேகமே வேண்டாம். கீறலை அடுத்த வருடமும் எடுக்கலாம். பெயர் பாட்டியிடம் மட்டும்தான் இருக்கிறது.

“இது யார்?” என்பது பரீட்சைக் கேள்வி மாதிரி. தெரியவில்லை என்றால் அவருக்குச் சங்கடம். வேறு விதமாகக் கேளுங்கள். “இதை எடுத்தது யார்?” “அன்றைக்கு ஏன் எல்லோரும் ஒன்றாக இருந்தீர்கள்?” “இந்தக் கதவு எந்த வீட்டுக் கதவு?” கதவில் தொடங்குகிறவர் தானாகவே ஆட்களுக்கு வந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே படம் போதும். டிவியில் பெரிதாகக் காட்டுங்கள், போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். 1962-ஆ 1964-ஆ என்ற தகராறை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம்.

குழுப்படத்துக்கு எங்கள் தொழில் வழி ஒன்று சொல்கிறேன். பிரதியின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, ஒவ்வொருவரின் தலையையும் தோளையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். உருவத்துக்குள்ளேயே பெயரை எழுதுங்கள். ‘இடமிருந்து மூன்றாவது’ என்று எழுதினால் பின்வரிசை, முன்வரிசைக் குழப்பம் வரும். இதில் வராது. தெரியாதவர் இருந்தால் வெறுமையாக விடாமல், ‘தெரியவில்லை, பாட்டியைக் கேட்டாயிற்று’ என்று போடுங்கள்.

படமே தரும் தடயங்களும் உண்டு. பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லும். சில படங்களின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் இருக்கும். அது லேப் போட்ட தேதி, எடுத்த நாள் அதற்கு முன்னால். ஒரே பூ ஜாடி, ஒரே திரைச்சீலை இரண்டு படத்தில் வந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஸ்டூடியோ. சட்டைப்பை வலது மார்பில் இருந்தால், நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். மச்சம் எந்தப் பக்கம் என்று சண்டை நடக்கும் வீடுகளுக்கு இது உதவும்.

அசலின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும், ஓரத்தில், அழுத்தாமல். பிளாஸ்டிக் போல வழுக்கும் பின்பக்கத்தில் பென்சில் பதியாது, உறையின் மேல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் போடும்.

எல்லாம் ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறது. குடும்பத்தார் எல்லோரும் கூடும்போது என்ன செய்து காட்டலாம்? ஃபிரேம், காலண்டர் எல்லாம் அலுத்துவிட்டது.

எனக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். ஜோடி சேர்க்கும் சீட்டு விளையாட்டு தெரியும் அல்லவா? ஒரே படத்தை இரண்டு சீட்டில் போடாதீர்கள். ஒரு சீட்டில் சித்தப்பா ஐந்து வயதில், இன்னொன்றில் அதே சித்தப்பா அறுபதில். கவிழ்த்துவைத்து ஜோடி தேடவேண்டும். பெரியவர்களே தோற்பார்கள். குழந்தைகள் காதையும் புருவத்தையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். முகங்களை ஒரே அளவில் வெட்டுவது மட்டும்தான் வேலை.

அடுத்தது, முகமே இல்லாத ஆல்பம். ஒவ்வொரு படத்திலும் முகத்தை விட்டுவிட்டு ஒரு மூலையை மட்டும் பெரிதாக்குங்கள். மேஜை மேல் ரேடியோ, யாரோ ஒருவரின் தோளில் இருக்கும் இன்னொருவர் கை, ஜன்னல் கம்பி, கழற்றிவிட்ட செருப்பு. 1200 டிபிஐ ஸ்கேனுக்கு உண்மையான பயன் இங்கேதான். முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய ஆட்கள் இந்தப் பக்கங்களை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

கையால் ஏதாவது செய்யவேண்டும் என்றால் சயனோடைப். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்திலோ பருத்தித் துணியிலோ பூசி உலர்த்துங்கள். இரண்டும் சேர்ந்த தொகுப்பாகவே கிடைக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கேனை நெகட்டிவாக மாற்றி, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு, அதை மேலே வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், ஆழ்ந்த நீல நிறத்தில் படம் எழும். டார்க் ரூம் வேண்டாம். சோப்பு மட்டும் படக்கூடாது, அதிலுள்ள காரம் நீலத்தை அழித்துவிடும். வெளிச்சத்தில் மாட்டி லேசாக வெளுத்தால், இருட்டில் கொஞ்ச நாள் வையுங்கள், பெருமளவு திரும்பிவிடும். வேறெந்தப் படமும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பழைய படத்தைப் போலவே நின்று மறுபடி எடுப்பதும் நல்ல விளையாட்டு. எல்லோரும் போஸைக் கவனிப்பார்கள், கேமராவை மறந்துவிடுவார்கள். அது எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுதான் ஒற்றுமையைக் கொண்டுவரும். இடுப்புயரப் பெட்டிக் கேமராவில் எடுத்ததை நின்றபடி போனில் எடுத்தால் ஒட்டவே ஒட்டாது.

பாட்டியின் குரலை க்யூஆர் கோடாக்கிப் படத்தின் பின்னால் ஒட்டுகிறார்கள். செய்யலாம், ஆனால் இணைப்பு ஒருநாள் செத்துவிடும். ஒலிக்கோப்பைப் படத்தோடு அதே ஃபோல்டரிலும் வைத்துவிடுங்கள். அசையாத படத்தைச் சிரிக்கவும் தலையாட்டவும் வைக்கும் செயலிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் வீட்டுப் படத்துக்குச் செய்யமாட்டேன். உங்கள் விருப்பம்.

நாங்கள் நாலு பேர். அசல் படங்கள் யாரிடம் இருக்கவேண்டும் என்று மனஸ்தாபம்.

அலமாரி உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்கும் வீட்டில். பரண், சமையலறை, குளியலறைச் சுவர் ஆகாது. மூத்தவர் யார், பாசம் யாருக்கு அதிகம் என்ற கணக்கெல்லாம் பூஞ்சைக்குத் தெரியாது. நாலு பேருக்கும் முழு ஸ்கேன் தொகுப்பு ஒவ்வொரு டிஸ்கில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கி, நீங்கள் உள்ளே எழுதிய பெயர் விவரங்களையும் கழற்றிவிடும்.